மார்பை அளந்தோம், மனத்தை அளந்தோமா?

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. மாவட்டத் தலைநகரின் ஆயுதப்படை மைதானத்தில் இளைஞர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அரசு வேலை ஒன்று கிடைத்தால் தங்கையின் திருமணமும் தகப்பனாரின் கடனும் தீரும் என்ற கனவோடு, இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து வந்தவர்கள். அளவுகோலின் அடியில் ஒவ்வொருவராக நிறுத்தப்படுகிறார்கள். ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் எனில் 167. பெண்களுக்கு 159. அளவு நாடா ஆணின் மார்பைச் சுற்றி வருகிறது. சாதாரண நிலையில் 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை உள்ளிழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பின்னர் 1500 மீட்டர் ஓட்டம், ஏழு நிமிடத்திற்குள். பிறகு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல். அரை சென்டிமீட்டர் குறைந்ததற்காகக் கண்ணீரோடு வெளியேறும் பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம்.

ஒரு மனிதனிடம் சட்டத்தின் பெயரால் தடியையும், பிறகு துப்பாக்கியையும் ஒப்படைக்கப் போகிறோம். ஆகவே அவனை அளந்து பார்க்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உளவியல் என்னும் பெயரில்

என்னிடம் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் அந்த மைதானத்துக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாலை தடித்த வழிகாட்டி நூலோடு வீட்டுக்கு வந்தான். "சார், பொது அறிவெல்லாம் நானே படிச்சுக்குவேன். உளவியல் பகுதிதான் புரியல. கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்றான். உளவியல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு மகிழ்ச்சி. பரவாயில்லை, காவலராகப் போகிறவனின் உள்ளத்தைப் பற்றியும் அரசு கேட்கிறதே என்று எண்ணிக்கொண்டு நூலைப் பிரித்தேன்.

2, 6, 12, 20 என்று செல்லும் வரிசையில் அடுத்த எண் எது? வடக்கு நோக்கி நடந்த ஒருவன் வலப்புறம் திரும்பி, மீண்டும் வலப்புறம் திரும்பினால் எத்திசையை நோக்கி நிற்பான்? படத்தில் இருக்கும் பெண்ணைக் காட்டி, 'இவர் என் தந்தையின் ஒரே மருமகள்' என்று ஒருவன் சொன்னால் அப்பெண் அவனுக்கு என்ன உறவு? பக்கம் பக்கமாக இவைதான்.

"தம்பி, இதுதான் உளவியலா?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார், பாடத்திட்டத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 1991இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் நிலைக் காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அதனுடையது. 2022ஆம் ஆண்டு முறைப்படி முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. இந்த உளவியலின் கீழ் வருபவை தருக்கப் பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, மனத்திறன், தகவல்களைக் கையாளும் திறன் முதலியன. உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குச் சிறப்பு மதிப்பெண் 6. ஆக மொத்தம் 100.

இந்த நூறையும் மீண்டும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். கோபம் வந்தால் இவன் என்ன செய்வான் என்று கேட்க ஒரு மதிப்பெண்கூட இல்லை. தன்னைவிட எளியவன் தன் முன்னே கைகட்டி நிற்கும்போது இவன் உள்ளத்தில் இரக்கம் எழுமா, இறுமாப்பு எழுமா என்று பார்க்க ஒரு மதிப்பெண்கூட இல்லை. மேலதிகாரி தவறான ஆணை பிறப்பித்தால் மறுத்து நிற்கும் முதுகெலும்பு இவனுக்கு உண்டா என்று அறிய ஒரு மதிப்பெண்கூட இல்லை. எண் வரிசையை விரைவாக நிரப்புபவன் கூர்மதியாளன் என்பது உண்மை. ஆனால் கூர்மதி வேறு, குணம் வேறு. கூர்மதி உள்ள கொடியவனைக் காட்டிலும் ஆபத்தானவன் உலகில் உண்டோ?

மருத்துவப் பரிசோதனை உண்டு. கண்பார்வையைப் பார்க்கிறார்கள், தட்டைப் பாதமா என்று பார்க்கிறார்கள், முழங்கால்கள் இடிக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். முன்நடத்தை விசாரணையும் உண்டு, வழக்கு ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டறிகிறார்கள். ஆனால் அந்த இளைஞனை எதிரே அமர்த்தி, "நீ யார்? உன்னை எது சினமூட்டும்? நீ எதற்கு அஞ்சுகிறாய்?" என்று கேட்பார் எவரும் இல்லை. உதவி ஆய்வாளர் தேர்வில் நேர்முகத் தேர்வாவது இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் அதுவும் இல்லை. நேர்முகத் தேர்வு என்று வைத்தால் சிபாரிசும் சாதியும் கையூட்டும் நுழைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்காக, மனிதனை மனிதன் பார்த்துப் பேசும் ஒரே வாயிலையும் முற்றாக அடைத்துவிட்டோம்.

ஒரே வாயில் வழியே வந்தவர்கள்

2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாளை நாம் மறக்க முடியுமா? தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி ஜெயராஜ் என்ற வணிகரும், அவரைத் தேடிச் சென்ற அவருடைய மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகனும் 23ஆம் நாள் காலை தந்தையும் மாண்டனர். மத்தியப் புலனாய்வுத் துறை அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்பது காவல் துறையினர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களுள் ஆய்வாளர் உண்டு, உதவி ஆய்வாளர்கள் உண்டு, காவலர்கள் உண்டு.

அந்த நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவரையும் நாம் மறக்கலாகாது. விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், தாம் கண்டதை அச்சத்தின் நடுவிலும் அவர் சொன்னார். அவர் சொல் இல்லையேல் அந்த இரவின் உண்மை எத்தனை காலம் சுவருக்குள்ளேயே கிடந்திருக்குமோ!

வாசகர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். உண்மை சொன்ன அப்பெண்ணும், தடியை ஓங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட காவலர்களும் ஒரே வகையான தேர்வு எழுதித்தான் சீருடை அணிந்தார்கள். உயரம் அளக்கப்பட்டது, ஓட்டம் பார்க்கப்பட்டது, வினாத்தாள் திருத்தப்பட்டது. அவருடைய உள்ளத்தையும் மற்றவர்களின் உள்ளத்தையும் பிரித்துக் காட்ட அந்தத் தேர்வில் ஒரு வினாவும் இருந்ததில்லை. நல்லவர் வந்து சேர்ந்தது நம் நல்வாய்ப்பு. அதை நம் தேர்வு முறையின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

இது கடைநிலைக் காவலர்களின் குறை மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் இந்தியக் காவல் பணி அதிகாரி, நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளுள் ஒன்றை வென்று வந்தவர். 2025 ஜூன் 28ஆம் நாள் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற்போன புகாரின் பேரில் பிடித்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி அஜித்குமார் அடிபட்டு மாண்டார். சாத்தான்குளத்துக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. நீதிமன்றங்கள் எச்சரித்திருந்தன, கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் தேர்வு மைதானத்தில் அளவு நாடா அதே இடத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிரிக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதியா?

மனத்தை அளப்பது நம் நாட்டுக்குப் புதிதா என்றால், இல்லவே இல்லை. இந்தியப் படையில் அதிகாரியாகச் சேர விரும்பும் இளைஞன், படைப்பணித் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாட்கள் தங்கித் தேர்வு பெற வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேர்கொண்ட முறை அது. அங்கே தெளிவற்ற படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்கிறார்கள், கடைசியில் ஒரு வெற்றுத் தாளைக் காட்டியும் எழுதச் சொல்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களைக் காட்டி, சில நொடிகளுக்குள் மனத்தில் தோன்றியதை எழுதச் சொல்கிறார்கள். அன்றாட வாழ்வின் இக்கட்டுகளைத் தந்து, என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். உளவியலாளர் ஒருவர், குழுச் செயல்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர், நேர்முகம் காண்பவர் ஒருவர் என மூவர் தனித்தனியே கணித்து, இறுதியில் ஒன்றுகூடி முடிவு செய்கிறார்கள். இதற்கான ஆய்வைச் செய்யவே பாதுகாப்புத் துறையின் கீழ் தனி உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

'அது படை அதிகாரிகளுக்கு. சாதாரணப் படைவீரனுக்கு அத்தகைய சோதனை இல்லையே' என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் படைவீரன் தன் அணியோடு, அதிகாரியின் கண்முன்னே, ஆணைக்குக் கட்டுப்பட்டுச் செயல்படுகிறான். காவலரின் நிலை வேறு. நள்ளிரவில் சந்தை முனையில் ஒருவனை நிறுத்துவதா விடுவதா, எச்சரிப்பதா அறைவதா, வண்டியில் ஏற்றுவதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அவரே தனியாக முடிவு செய்கிறார். அந்நேரத்தில் எந்த அதிகாரியும் அருகில் இல்லை. காவல் துறையில் மட்டும்தான், பதவி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு மக்களின் உடல்மீது நேரடி அதிகாரம் மிகுகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள எதிரியை எதிர்கொள்ளப் போகும் அதிகாரியின் உள்ளத்தை ஐந்து நாள் ஆராயும் அரசு, எல்லைக்கு உள்ளே இருக்கும் ஏழையை எதிர்கொள்ளப் போகும் காவலரின் உள்ளத்தை ஐந்து நிமிடமேனும் ஆராய்வதில்லை. இது எந்த ஊர் நியாயம்?

கடல் கடந்த பாடம்

அமெரிக்காவில் பெர்க்லி நகரக் காவல் தலைவராயிருந்த ஆகஸ்ட் வால்மர் 1916லேயே காவலர் தேர்வில் உளவியல் சோதனைகளைப் புகுத்தினார். மறு ஆண்டு லூயிஸ் டெர்மன் என்ற உளவியல் அறிஞர், சான் ஓசே நகரில் காவல், தீயணைப்புப் பணிகளுக்கு விண்ணப்பித்த முப்பது பேரைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். நூறாண்டுக்கும் மேலான வரலாறு இது.

இன்று கலிபோர்னியா மாநிலத்தில் காவலராகச் சேர்பவர் குறைந்தது இரண்டு எழுத்து வழி உளச்சோதனைகளுக்கும், தகுதிபெற்ற உளவியலாளரின் நேர்காணலுக்கும் உட்பட வேண்டும். எதைத் தேட வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. தன்னடக்கம், நேர்மை, உணர்ச்சிகளை ஆளும் ஆற்றல், பிறரோடு பழகும் பண்பு, முடிவெடுக்கும் திறன் எனப் பத்துக் கூறுகள். 2020இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, இனம், சமயம், பாலினம் முதலியவற்றின் மேல் வேட்பாளருக்குக் காழ்ப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும் என்றாயிற்று. நம் ஊருக்குப் பெயர்த்துச் சொன்னால் சாதியை முதலில் சேர்க்க வேண்டியிருக்கும். தன் தெருவைத் தாண்டிய ஒருவனை மனிதனாகக் காண முடியாதவன் கையில் சட்டத்தை ஒப்படைப்பது எவ்வளவு பெரிய பேதைமை!

அங்கெல்லாம் காவல் கொடுமை ஒழிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். ஒழியவில்லை. அதே கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் சாலையில் வைத்து அடித்த காட்சியை உலகமே கண்டது. அதன்பின் அமைந்த கிறிஸ்டபர் ஆணையம் ஆராய்ந்தபோது, அளவுமீறிய வன்முறை குறித்து ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட புகார்களுக்கு ஆளான காவலர்கள் 44 பேர் அத்துறையில் இருந்தது தெரிய வந்தது. சேரும்போது செய்யும் உளச்சோதனை மட்டும் போதாது, பணியில் இருப்போரையும் காலம்தோறும் சோதிக்க வேண்டும் என்பது அவ்வாணையம் கண்ட முடிவு. வாயிலில் வைக்கும் சல்லடை தேவை, ஆனால் அது ஒன்றே போதாது என்பதே கடல் கடந்த நாடு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மறுப்புகளும் மறுமொழிகளும்

முதல் மறுப்பு: 'ஒரு சில கறுப்பு ஆடுகளுக்காகத் துறை முழுவதையும் ஐயுறுவதா?' ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் இதைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. கறுப்பு ஆடுகள் சிலவே என்று வாதிடுவோர்தாம் சோதனையை முதலில் வரவேற்க வேண்டும். சிலவே என்றால் சல்லடையின் வேலை எளிதன்றோ? துறையின் பெரும்பான்மையோரான நல்லவர்களின் பெயர் காக்கப்படுவதும் அதனால்தானே?

இரண்டாம் மறுப்பு: 'மனத்தை அளக்க முடியாது. பயிற்சி நிலையங்கள் மூன்றே மாதத்தில் விடைகளை மனப்பாடம் செய்வித்துவிடும்.' இதில் பாதி உண்மை உண்டு. எந்த உளச்சோதனையும் வருங்காலத்தைச் சொல்லும் சோதிடம் அன்று. சிறந்த காவலர் யார் என்று அது உறுதியாகக் காட்டிவிடாது. ஆயினும், பெரும் இடர்ப்பாடு உள்ளவர்களைச் சுட்டிக்காட்டும் அளவுக்கேனும் அது பயன்படும். பொய்யாக நல்லவன்போல் விடையளிப்பவனைக் காட்டிக்கொடுக்கும் வினாக்களும் நல்ல சோதனைகளுள் பொதிந்திருக்கின்றன. அவற்றையும் கடந்து வருபவனை நேர்காணலில் அனுபவமிக்க உளவியலாளர் எதிர்கொள்வார். நாடாவில் அளக்கும்போது மூச்சைப் பிடித்து மார்பை விரித்துக் காட்டுவோரும் உண்டு. அதற்காக நாடாவை எறிந்துவிட்டோமா?

மூன்றாம் மறுப்பு ஆழமானது. அதை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். 'குற்றம் மனிதனிடம் இல்லை, அமைப்பிடம் இருக்கிறது. நல்லவனையும் அந்த நாற்காலி கெடுத்துவிடும்.' 1963இல் ஸ்டான்லி மில்கிராம் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆய்வாளர் ஆணையிட்டார் என்பதற்காக, முகம் தெரியாத ஒருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி, சாதாரண மனிதர் நாற்பது பேரில் இருபத்தாறு பேர் இறுதிவரை சென்றனர். அதிர்ச்சி உண்மையானதன்று, ஆனால் அவர்கள் கீழ்ப்படிந்தது உண்மை. நம் காவல் நிலையங்களிலும் 'மேலே இருந்து நெருக்குதல்' என்ற ஒரு சொல் இருக்கிறது. இத்தனை நாளுக்குள் வழக்கை முடி, நகையை மீட்டுக் கொடு என்ற அழுத்தம் கீழே இறங்கி இறங்கி, கடைசியில் ஓர் ஏழையின் முதுகில் வந்து விழுகிறது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நாற்பதில் பதினான்கு பேர் இடையிலே நிறுத்திக்கொண்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டாவா? சாத்தான்குளத்தில் ஒரு பெண் உண்மை சொன்னதையும் கணக்கில் கொள்ள வேண்டாவா? அமைப்பு கெட்டது என்பதால் ஆளைப் பாராமல் எடுப்பது, பழுதான பேருந்துக்குப் பார்வையற்ற ஓட்டுநரை அமர்த்துவது போலாகும். பேருந்தைப் பழுது பார்க்க வேண்டும், ஓட்டுநரின் கண்ணையும் பார்க்க வேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவோர், உண்மையில் இரண்டையும் செய்ய விரும்பாதவர்கள்.

நான்காம் மறுப்பு என் நெஞ்சையே உறுத்துவது. 'இச்சோதனை ஏழைப் பிள்ளைகளை வெளியே தள்ளும் இன்னொரு கதவாகிவிடாதா?' ஆகக்கூடும். அமெரிக்க நடுத்தர மக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வினாக்களை அரைகுறைத் தமிழில் பெயர்த்து, முதன்முறையாகத் தன் குடும்பத்தில் பள்ளி கண்ட பிள்ளையின் முன் வைத்தால், அவன் வறுமையே நோயாகக் கணிக்கப்படலாம். பேய், சாமியாட்டம், குலதெய்வம் பற்றிய அவனது இயல்பான பேச்சு பித்தாகத் தோன்றலாம். அடிபட்டு வளர்ந்த சமூகத்தின் பிள்ளை தன் சினத்தை மறைக்காமல் சொன்னால் அவனே ஆபத்தானவன் என்று முத்திரை குத்தப்படலாம். சரியான நெறிமுறை இல்லாத உளச்சோதனை, சோதனையே இல்லாததைக் காட்டிலும் தீயது. ஆகவேதான் சோதனை வேண்டும் என்பதோடு நில்லாமல், அதன் நெறிமுறைகள் எவை என்பதையும் வற்புறுத்துகிறேன்.

வேண்டும் நெறிமுறைகள்

முதலாவதாக, சோதனை தமிழ் மண்ணிலேயே உருவாக்கப்பட்டு, தமிழ்நாட்டின் பலதரப்பட்ட இளைஞரிடம் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு போதாது. பெங்களூரிலுள்ள தேசிய மனநலம், நரம்பியல் அறிவியல் நிறுவனம் ஏற்கெனவே தமிழ்நாட்டுக் காவல் துறையினரின் மனநலத் திட்டத்துக்குத் துணைநின்றது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1794 முதல் வேர்கொண்ட மனநல மருத்துவமனை இருக்கிறது. அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இரண்டாவதாக, சோதனை காவல் துறையின் கையில் இருக்கலாகாது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர்கள், வேட்பாளரின் சாதியும் ஊரும் தெரியாத நிலையில், அதை நடத்த வேண்டும். அனைவருக்கும் ஒரே வரையறுத்த வினாக்கள், பதிவுசெய்யப்பட்ட நேர்காணல். சிபாரிசு நுழையும் வாயில் அப்போதுதான் அடைபடும்.

மூன்றாவதாக, சோதனை கடைசிப் படியாக இருக்கட்டும். அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, மருத்துவத் தன்மையுள்ள உளச்சோதனையை நிபந்தனையுடன் பணி வழங்கிய பின்னரே செய்யலாம். அதுவே இங்கும் தகும். செலவு மிகும் என்று அஞ்சுவோருக்கும் விடை இதில் இருக்கிறது. விண்ணப்பிப்போர் இலட்சக்கணக்கில் இருக்கலாம், ஆனால் 2022ஆம் ஆண்டு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,552 மட்டுமே. அத்தனை பேருடன் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேச ஓர் அரசால் முடியாதா?

நான்காவதாக, மறுக்கப்பட்டவருக்குக் காரணம் அறியவும், வேறோர் உளவியலாளரிடம் மறுசோதனை கேட்கவும் உரிமை வேண்டும். முன்பு ஒருமுறை மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே எவரையும் தள்ளும் காரணமாகலாகாது. சிகிச்சை தேடியவன் தன்னை அறிந்தவன், தேடாதவனைக் காட்டிலும் அவன் நம்பத்தக்கவன். வேட்பாளரின் இசைவும் இரகசியக் காப்பும் கட்டாயம். இவ்வகையில் நம் திருச்சபையின் அனுபவமே ஓர் எடுத்துக்காட்டு. குருத்துவப் பயிற்சிக்கு வருவோரைச் சேர்ப்பதில் உளவியலைப் பயன்படுத்துவது பற்றிக் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 2008இல் நெறிமுறைகளை வெளியிட்டது. வேட்பாளர் அறிந்து, விரும்பி, முன்கூட்டியே இசைவு தர வேண்டும், உளவியலாளர் கருத்துரைப்பார், முடிவெடுக்கும் பொறுப்பு பயிற்சி அளிப்போருடையது என்று அது தெளிவாக வகுத்தது. பிறரின் நம்பிக்கை ஒப்படைக்கப்படும் எவரையும் இப்படி ஆராய்வது அவமதிப்பன்று, அப்பணிக்குச் செய்யும் மரியாதை.

ஐந்தாவதாக, சோதனை ஒருமுறையோடு முடியலாகாது. பயிற்சி முடிந்து காவல் நிலையத்துக்கு மாற்றப்படும்போது ஒருமுறை, பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புகார்கள் குவியும்போது உடனே. அது தண்டனையாக அல்லாமல் துணையாக அமைய வேண்டும். ஏனெனில் இச்சீருடை அணிந்தவரையும் நசுக்குகிறது. காவலர்களுக்கு வார விடுமுறை என்பதே 2021இல்தான் அரசாணையாக வந்தது. 2023 ஜூலையில் கோயம்புத்தூர் சரகக் காவல் துறைத் துணைத் தலைவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்தி நாட்டை உலுக்கியது. அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்தவருக்கே அந்நிலை எனில், தூக்கமின்றிப் பாதுகாப்புப் பணியில் நிற்கும் கடைநிலைக் காவலரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பது யார்? மனத்தை அளப்பது மக்களைக் காவலரிடமிருந்து காக்க மட்டுமன்று, காவலரை அவர் சுமையிலிருந்து காக்கவும்தான்.

நம் வாசற்படியில்

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு சொல். வீட்டில் நகை காணாமற்போனால், வேலைக்கார அம்மாவின் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, "கொஞ்சம் கவனிச்சு விசாரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வருபவர் யார்? 'நாலு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்' என்று தேநீர்க் கடையில் தீர்ப்பளிப்பவர் யார்? திரையில் கதாநாயகக் காவலர் கைதியைப் புரட்டி எடுக்கும்போது கைதட்டுபவர் யார்? நாமே. நம் பங்கில், நம் அன்பியக் கூட்டத்தில், நம் இல்லத்தில் அச்சொற்கள் ஒலிக்கின்றன. சினத்தோடு அடிக்கும் காவலரை நாம் விரும்பும் வரை, சினத்தை அளக்கும் தேர்வை எந்த அரசும் கொண்டுவராது. சட்டமன்ற உறுப்பினரிடம் குடிநீருக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கும் நாம், இதற்கும் ஒரு மனுக் கொடுத்தோமா?

என் மாணவன் தேர்வில் வென்றான். சீருடையோடு ஒருநாள் வந்து நின்றான். மகிழ்ச்சியாக இருந்தது. நல்ல பிள்ளைதான் என்று எனக்குத் தெரியும், ஐந்தாண்டு வகுப்பறையில் பார்த்தவன் நான். புறப்படும்போது அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "சார், உளவியல்ல இருபத்தி மூணு எடுத்தேன்."

வாழ்த்தி அனுப்பினேன். அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவனை எனக்குத் தெரியும். அவனை அனுப்பிய அரசுக்கு அவனைத் தெரியாது. நாளை நள்ளிரவில் அவன் முன் கைகட்டி நிற்கப் போகும் மனிதனுக்கும் தெரியாது.